ஏழாவது கதையின் கடைசிப் பக்கம்

என் பெயர் ராக்கியண்ணன். திருச்செங்கோடு நகரில் வாழ்ந்து மறைந்த குப்பணன் அவர்களின் மூத்த புதல்வன். வயது எழுபத்தாறு நிறைந்து எழுபத்தேழில் நடந்துகொண்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்து வாசலை விட்டு இறங்கியவன். அதன் பின்னர் நான் கற்றவை அனைத்தும் அச்சிட்ட தாள்களிடமிருந்து நேரடியாகக் கற்றவை. பெயரையும் வயதையும் முதலில் சொல்லிவிடுவது பேச்சுக்கு ஒரு வாசற்படி கட்டுவது போன்றது என்பது என் கொள்கை. தங்கள் பெயரைத் தாங்கள் சொல்ல வேண்டியதில்லை ஐயா. கண் மருத்துவமனையின் பெஞ்சியில் அருகருகே அமர்ந்தவர்களுக்குள் அவ்வளவு சடங்கு தேவையில்லை.

நான் இங்கே துணைக்கு வந்திருக்கிறேன். என் துணைவியார் பாவாயி அம்மாள் கண்ணைக் காட்ட வேண்டும் என்றாள், அழைத்து வந்தேன். தேநீர் வாங்கக் கீழே போயிருக்கிறாள். அப்படியானால் உமது கண்ணில் ஏன் மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். துணைக்கு வந்தவர்களுக்கும் ஊற்றுவது இங்கே நடைமுறை போலும். பெரிய மருத்துவமனை, கூட்டம் அதிகம், ஆள் பார்த்து ஊற்ற அவர்களுக்கு அவகாசமில்லை.

இன்னொன்று. நான் தங்கள் தோளைப் பார்த்துப் பேசுவதைத் தாங்கள் தவறாக எண்ணலாகாது. முகத்துக்கு நேரே பார்த்துப் பேசுவது மரியாதையன்று. அத்துடன், தோளைப் பார்த்தால்தான் எவருடைய முகமும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. தங்களுக்கு அந்தப் பக்கம் பச்சைப் புடவையில் அமர்ந்திருக்கும் அம்மையார் தங்கள் தாயாரா? யாரும் இல்லையா? சரி. எழுந்து போயிருப்பார்.

தாங்கள் கையில் புத்தகம் வைத்திருப்பதைக் கண்டுதான் பேசத் தொடங்கினேன். புத்தகம் என்றால் எனக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. நீதிமன்ற வழக்கன்று. ஒரு கதை ஒரு புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கு. அது தீர்ந்துவிட்டது, எனக்குச் சாதகமாகவே தீர்ந்தது. ஆயினும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

நான் ரிக் வண்டியில் மேனேஜராக இருந்தவன். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. திருச்செங்கோட்டுக்காரன் ரிக்கில் போனான் என்றால் அதில் வியப்பொன்றும் இல்லை. எங்கள் ஊர் வண்டிகள் விந்தியத்துக்கு அப்பாலும் போய்ப் பாறையைத் துளைத்தவை. மாதக்கணக்கில் கூடாரத்தில் இருப்போம். மொழி தெரியாத ஊர். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், நான் படிப்பேன். மளிகை சுற்றி வந்த தமிழ்த் தாள் கிடைத்தால்கூட நீவி விட்டுப் படிப்பேன். அப்படித்தான் எனக்கு இந்த நடை அமைந்தது. பாவாயி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள். “சோறு வேணும்னா சோறு வேணும்னு கேளுங்க, புஸ்தகமாட்டப் பேசாதீங்க” என்பாள். அவள் அறிவொளி வகுப்பில் சேர்ந்து நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள். அரிசியில் கல் பொறுக்குவதைப் போல ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கித்தான் படிப்பாள். நான் நகைப்பேன். அவள் கோபித்துக்கொண்டதில்லை, நல்ல சுபாவம்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், சென்னியப்பன் என்று. அவனும் என் வண்டியில்தான் வேலை பார்த்தான். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. ரிக் என்றதும் வாயில் வந்துவிட்டது.

ஓய்வு பெற்று ஊரில் அமர்ந்த பின் எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஒருவர் ஒரு கதையை எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சொல்லுகிறவர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்து, அதன்மேல் வலக்கையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை திறக்கக் கூடாது. மனத்தில் தங்கியது மட்டுமே படித்தது என்பது இதன் கருத்து. இந்த வழக்கத்தைக் கொண்டு வந்தவர் புலவர் மாரப்பன், உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். பட்டம் பெற்றவர். என்னை “மேனேஜரே” என்றுதான் அழைப்பார். நான் ஒரு சொல்லைப் பயன்படுத்தினால் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். “இந்தச் சொல்லு எந்தக் கடையில வாங்குனீங்க மேனேஜரே?” என்று ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் கேட்டவர்.

இவ்வாண்டு கோடையில் நூலகர் தெய்வானை அம்மாள் ஒரு புதிய தொகுப்பை என்னிடம் தந்தார். பதினொரு எழுத்தாளர்கள், பதினொரு கதைகள். அனைத்தும் நடவாதவற்றை நடந்தவை போல எழுதிய விந்தைக் கதைகள். அட்டையில் ஒரு சாவித்துவாரம், அதன் வழியே இப்பக்கம் பார்க்கும் ஒரு கண். தொகுத்தவர் முன்னுரையில் எழுதியிருந்தார்: அறிய வேண்டும் என்கிற ஆசையும், அறிவை ஏய்க்கிற தோற்றமும் ஒரே வீட்டில் பிறந்தவை, எட்டிப் பார்க்கிறவன், தன்னையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதை மறக்கலாகாது. இந்த வரியை நான் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நல்ல வரி.

முதற்கதையில் ஒரு பெண் பழைய பொருள் விற்கும் கடையில் ஒரு நிலைக்கண்ணாடி வாங்குகிறாள். அது ஒரு மணி நேரம் பிந்திக் காட்டுகிறது. அவள் போய் நின்றால் காலியான அறை தெரிகிறது. அவள் சமைக்கப் போன பின்பு கண்ணாடிக்குள் அவள் வந்து நின்று தலை வாருகிறாள். ஒருநாள் தான் நின்ற இடத்துக்குப் பின்னால் வேறொருவர் நின்றிருந்ததை ஒரு மணி நேரம் கழித்துக் காண்கிறாள். அத்துடன் கதை முடிகிறது. இரண்டாவதில், ஒரு வழிப்போக்கன் இரவு தங்க இடம் தேடி ஒரு தெருவில் வீடு வீடாகச் சன்னல் வழியே பார்க்கிறான். எல்லா வீட்டிலும் ஒரே குடும்பம் உணவருந்திக்கொண்டிருக்கிறது. கடைசி வீட்டில் அவனுக்கும் இலை போட்டிருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழில் இப்படியும் எழுதுகிறார்களே என்று பெருமையாகவும் இருந்தது.

நான்காம் கதைக்குப் பிறகு அச்சு கெட்டுவிட்டது. இக்காலத்து அச்சு மை தரமற்றது ஐயா. பக்கத்தின் ஓரங்களில் எழுத்து தெளிவாக இருக்கும். நடுவில் மட்டும் திருநீற்றைத் தேய்த்தது போல் கரைந்துவிடும். நாளிதழிலும் அப்படியே. பஸ்ஸின் பெயர்ப்பலகையிலும் அப்படியே, அங்கும் பெயிண்டில் கலப்படம். “கண்ணைக் காட்டிட்டு வந்துருங்க” என்று பாவாயி சொல்லிக்கொண்டே இருந்தாள். “நாட்டில் மை கெட்டுப்போனதற்கு என் கண்ணை ஏன் காட்ட வேண்டும்?” என்று கேட்டேன். 

பிறகுதான் நான் அந்தப் புத்தகத்தின் தனிச்சிறப்பைக் கண்டேன். முற்பகலில் சன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு படிப்பேன். ஒருநாள் பக்கத்தின் ஓரத்தில் சிறிய மனிதர்கள் வரிசையாக நடந்து போனார்கள். முண்டாசு கட்டியவர்கள், விரற்கடை உயரம். சத்தமே கிடையாது. இன்னொரு நாள் எழுத்து கரைந்த இடத்தில் செங்கல் அடுக்கியது போல் கட்டம் கட்டமாக ஒரு சுவர். மாயத்தோற்றத்தைப் பற்றிய புத்தகம் அல்லவா, பதிப்பாளர் ஏதோ நுட்பம் செய்து அச்சிட்டிருக்கிறார் என்று எண்ணினேன். நான் அஞ்சவில்லை. கருங்கல்லைத் துளைத்தவன் காகிதத்துக்கு அஞ்சுவதா?

ஏழாவது கதையைத் திறந்த அன்று அவன் வந்தான். நீலச்சட்டை போட்ட இளைஞன். மற்றவர்கள் நடந்து போவார்கள், இவன் போகவில்லை. பக்கத்தின் நடுவில் குந்தி அமர்ந்து, கீழே எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. சட்டையின் காலர் ஒரு பக்கம் கிழிந்து, வெள்ளை நூலால் தைத்திருந்தது. அவ்வளவு நுணுக்கமாக அந்தத் தையல் தெரிந்தது ஐயா. நீலத் துணியில் வெள்ளை நூல்.

அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது கதையும் விளங்கிவிட்டது. ஓரத்தில் ஒரு சொல், கீழே ஒரு சொல் என்று கண்ணில் படும். மற்றதை ஒரு தேர்ந்த வாசகன் உணர்ந்துகொள்வான். அந்தக் கதையை நான் தங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

தெற்கிலிருந்து போன ஒரு ரிக் வண்டி, வட நாட்டில் ஒரு கருங்கல் பொட்டலில் நிற்கிறது. துளைத்தும் துளைத்தும் புழுதி தவிர ஒன்றும் வரவில்லை. வறண்ட குழி. வறண்ட குழியைக் குனிந்து பார்க்கக் கூடாது என்பது ரிக்காரர்களிடையே உள்ள கட்டுப்பாடு. பார்த்தால் அடுத்த குழியும் வறண்டு போகும் என்பார்கள். ஆனால் அந்த வண்டியில் ஒரு இளைஞன் இருந்தான். அவனுக்கு எதையும் பார்த்துவிட வேண்டும். முகம் மழிக்கிற கண்ணாடியை எடுத்து, வெயிலை அதில் வாங்கி, குழிக்குள் இறக்கிப் பார்த்தான். நாங்கள் எல்லாரும், அதாவது ரிக்காரர்கள் எல்லாரும், தண்ணீர் வந்த குழியில் மட்டம் பார்க்க அப்படித்தான் வெயிலை இறக்குவோம். அவன் நெடுநேரம் பார்த்தான். பார்த்துவிட்டு நிமிர்ந்து, “உள்ள ஒரு தெரு தெரியுது” என்றான். “ஆளுங்க நடமாடறாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய அண்ணன்தான் அந்த வண்டியின் மேனேஜர். அவன் சிரிக்கவில்லை. கட்டுப்பாட்டை மீறிய குற்றத்துக்காகத் தம்பியை எல்லார் முன்னிலையிலும் அடித்தான் என்று கதாசிரியர் எழுதுகிறார். மறுநாள் காலை கூடாரத்தைப் பிரித்து துளைக்கிற ராடுகளை வண்டியில் ஏற்றினார்கள். இளைஞன் மறுபடியும் குழியருகே போய், மூடிய கல்லை நகர்த்திவிட்டுக் குந்திவிட்டான். “இன்னொரு தரம் பாத்துட்டு வந்துடறேண்ணா. செத்த நில்லுங்க” என்றான். அண்ணன் டிரைவரிடம் “எடு வண்டியை” என்றான். “பசித்தால் பின்னால் வருவான்” என்றான். வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது பொட்டல் வெளியில் கண்ணாடியின் ஒளி ஒருமுறை மின்னியது.

இதற்கு மேல் உள்ளது கடைசிப் பக்கம். அதில்தான் அவன் அமர்ந்திருந்தான். அசைய மாட்டான். தாளைத் திருப்பினால் மறுபுறத்திலும் அதே இடத்தில் அமர்ந்திருப்பான். வண்டி போன பின் அவனுக்கு என்ன ஆயிற்று என்பது அவனுக்கு அடியில் அச்சாகியிருந்தது. எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை ஐயா. சோறு இறங்கவில்லை. பிற கதைகளை நான் திறக்கவே இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட வேண்டும்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த அண்ணனைக் கதாசிரியர் தேவைக்கு மேல் கொடியவனாகக் காட்டிவிட்டார். எந்த அண்ணன் காரணமில்லாமல் அப்படிச் செய்வான்? மாலைக்குள் அடுத்த ஊரில் வண்டியை நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருப்பான். டீசல் குறைந்திருக்கும். ஒரு வறண்ட குழிக்காக முதலாளி கேட்கும் கேள்விகள் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் எழுத வேண்டாமா? மூன்றாம் நாள் அவன் ஒரு லாரி பிடித்துத் திரும்பிப் போய்ப் பார்த்திருப்பான், குழிக்கு மேல் வைத்த கல் வைத்தபடி இருந்திருக்கும், சுற்றிலும் கூப்பிட்டுப் பார்த்திருப்பான். அதையும் எழுதவில்லை. நான் வட்டத்தில் கதையைச் சொன்னபோது இவற்றை உரிய இடங்களில் சேர்த்துச் சொன்னேன்.

ஆம், வட்டத்தில் சொன்னேன். அன்று என் முறை. புத்தகத்தை மூடி, மேல் கை வைத்து, ஏழாவது கதையைச் சொன்னேன்.  தெய்வானை அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நிறைவாக இருந்தது.

புலவர் கனைத்தார். “நல்லாருக்குதுங்க மேனேஜரே. ஆனா இந்தக் கதை இந்தப் புஸ்தகத்துல இல்லைங்களே.”

“ஏழாவது கதை” என்றேன்.

“ஏழாவது கதை உப்பளத்துல நிழலைத் தொலைச்சவனைப் பத்தி. நானுந்தான் போன மாசம் ஒண்ணு வாங்கி முழுசாப் படிச்சேன். ரிக்கே எங்கயும் வரலீங்க.”

“தாங்கள் மேலோட்டமாகப் படித்திருப்பீர்கள்.”

“மேலோட்டமா?” புலவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “எல்லாக் குழியிலயும் தண்ணி வந்துடுமுங்களா? மேனேஜர் போட்ட குழியில இன்னைக்குக் காத்துதான் வந்திருக்குது.”

எல்லாரும் நகைத்தார்கள். அவர் புத்தகத்தைப் பிரித்து என் முன் நீட்டினார். “இந்தாங்க, நீங்களே படிச்சுக் காட்டுங்க. கேட்டுக்கறோம்.”

நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கூட்டத்தின் நடுவிலும், அந்தக் குழல் விளக்கின் கீழும், அவன் வந்து அமர்ந்திருந்தான். நீலச்சட்டை. குனிந்த தலை.  “இங்கே வெளிச்சம் போதாது” என்றேன். “அடுத்த கூட்டத்தில் நான் படித்துக் காட்டுகிறேன். இக்கதை இதில் இல்லையென்றால் என் உறுப்பினர் அட்டையை இம்மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். அதன்பின் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்.”

“அட, அட்டையெல்லாம் எதுக்குங்க. சும்மா சொன்னேன்” என்றார் புலவர். நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.

படியிறங்கும்போது தெய்வானை அம்மாள் பின்னால் வந்து, “ஐயா, கண்ணைக் கொஞ்சம் காட்டிக்கறீங்களா? எங்கப்பாவுக்கும் இப்படித்தான், நடுவுல தெரியாது. இல்லாத ஆளுங்கல்லாம் வந்து உக்காந்திருக்கறாங்கம்பாரு. டாக்டரு அது கண்ணு பண்ற வேலைன்னுட்டாரு, மூளையில கோளாறு இல்லைன்னாரு” என்றார். பாவம், தம் தகப்பனாரின் துன்பம் அவருக்கு. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் ஒவ்வொரு முற்பகலும் முயன்றேன். புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்தேன், கிட்டே கொண்டுவந்தேன், தொலைவில் வைத்தேன். சவரக் கண்ணாடியைக் கொண்டு சன்னல் வெயிலை வாங்கிப் பக்கத்தின்மேல் இறக்கினேன். ஒளி விழுந்ததும் அவன் தலை சற்று நிமிர்ந்தது. நிமிர்ந்தது, ஆனால் முகம் வரை வரவில்லை. கண்ணாடி என் கையிலிருந்து விழுந்து உடைந்தது.

சத்தம் கேட்டுப் பாவாயி சமையற்கட்டிலிருந்து வந்தாள். சில்லுகளைப் பொறுக்கிவிட்டு என் எதிரில் தரையில் அமர்ந்தாள். பல நாட்களாக நான் அந்தக் கதையை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அவள் அப்படித்தான். என் தம்பி வண்டி மாறிப் போய்விட்டான், பின்னால் வருவான் என்று நான் அந்தக் காலத்தில் வந்து சொன்னபோதும், கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஒரு தீபாவளி வரை கடிதம் வந்ததா என்று கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் வாழ வந்தபோது அவன் பத்து வயதுப் பையன், எங்களுக்குத் தாய் இல்லை, அவள்தான் குளிப்பாட்டிச் சோறூட்டியவள். இருந்தும் என்னைக் குடைந்து கேட்டதில்லை. ஆனால் இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

அன்று மட்டும் கேட்டாள். “அந்தப் பையன் என்ன சட்டை போட்டிருந்தான்னு எழுதியிருக்குது?”

“நீலச்சட்டை.”

 “காலரு கிழிஞ்சிருந்துச்சா?”

நான் வியந்து போனேன். “ஆம். உனக்கு எப்படித் தெரியும்?”

“வெள்ள நூல்ல தச்சிருந்துச்சா?”

“ஆம்.”

“நீல நூலு கைக்கு ஆப்படலை” என்றாள் அவள். “அன்னைக்கு வண்டிக்கு நேரமாயிருச்சுன்னு நின்னுட்டிருந்தீங்க.”

இதை அவள் ஏன் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. வயதான பெண்கள் ஒன்றைப் பேசும்போது இன்னொன்றுக்குத் தாவிவிடுவார்கள். ஆயினும் படிக்காமலேயே ஒரு கதையின் நுணுக்கத்தை ஊகிக்கும் ஆற்றல் அவளுக்குள் இருந்திருக்கிறது, நான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று பாராட்டினேன்.

“குடுங்க, நான் படிக்கறேன்” என்று கையை நீட்டினாள்.

“நீ படித்து முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும்” என்றேன். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுத்தேன்.

அவள் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டாள். நான் அவள் தோளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்தேன். ஓரக்கண்ணில் தெரிந்தது, நீலச்சட்டைக்காரன் இப்போது அவள் மடியில் இருந்த பக்கத்தில் குந்தியிருந்தான்.

படித்தாள் ஐயா. அவளா அப்படிப் படித்தாள் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம். அன்று ஓர் எழுத்துக்கூட அவளுக்குத் தடுக்கவில்லை.

“வண்டி போயிருச்சு. அவன் குழியவே பாத்துட்டிருந்தான். வெயிலு எறங்குற வரைக்கும் பாத்தான். அப்புறம் வெளிச்சம் உள்ள போகலை. கண்ணாடியத் தொடச்சுச் சட்டப் பையில வெச்சுட்டு எந்திரிச்சு, கல்லைக் குழி மேல திரும்ப வெச்சான். பசி எடுத்துச்சு. ரோட்டுக்கு வந்தான். ஒரு மாட்டு வண்டிக்காரன் வந்தான், பாஷை தெரியாது, ஆனாப் பசிச்ச மூஞ்சி எந்த ஊருக்காரனுக்கும் தெரியுமில்ல. கூட்டிட்டுப் போயி ரொட்டி குடுத்தான். அந்த ஊர்லயே தங்கிட்டான். அங்கயே ஒரு புள்ளயக் கட்டிக்கிட்டான். அடுத்த வருசம் மழை பேஞ்சு அந்தக் குழியில தண்ணி வந்துருச்சு. வந்து பாக்கத்தான் ஆரும் இல்ல. அவன் மட்டும் வந்து பாத்தான். கல்லைத் தூக்கிட்டுப் பைப்பு எறக்கி வெள்ளாமை வெச்சான். இப்ப அவனுக்குப் பேரன் பேத்தி எல்லாம் இருக்குது. தண்ணி எடுக்கறப்பல்லாம் சொல்லுவான், இது எங்கண்ணன் போட்ட குழி, எங்கண்ணன் கைராசி அப்படின்னு. அண்ணன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க, அண்ணன் அடிச்சது வலிக்கவே இல்லைங்க, அண்ணிகிட்ட மட்டும் சொல்லிருங்க, தச்ச காலரு பிரியவே இல்லைன்னு.”

இங்கே நிறுத்தினாள். ஒன்றிரண்டை நான் கவனித்தேன், ஒரு வாசகன் என்ற முறையில். இவ்வளவு நீண்ட பகுதியை அவள் ஒரே பக்கத்தில் படித்தாள், தாளைத் திருப்பவே இல்லை. மிகச் சிறிய எழுத்தில் நெருக்கி அச்சிட்டிருக்கிறார்கள். இன்னொன்று, கதை முழுவதும் நல்ல எழுத்து நடையில் போய்க்கொண்டிருக்க, கடைசிப் பக்கத்தில் மட்டும் கதாசிரியர் எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு இறங்கிவிட்டார். ‘ஆரும்’ என்கிறார், ‘வெள்ளாமை’ என்கிறார். அவர் கொங்கு நாட்டைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். அண்ணி என்று ஒரு பாத்திரத்தைக் கடைசி வரியில் கொண்டுவந்ததும் எனக்குச் சற்றுத் திடீரென்று பட்டது. முன்பே ஓரிடத்தில் சொல்லியிருக்கலாம்.

ஆனால் இவையெல்லாம் பிற்பாடு எண்ணியவை. அப்போது எனக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வெயிலை நெடுநேரம் பார்த்ததனால். பாவாயிக்கும் வழிந்தது. அவள் வெயிலைப் பார்க்கவில்லை.

“தீந்துச்சுங்களா?” என்றாள். புத்தகத்தை மூடினாள்.

மூடுவதற்கு முன், ஐயா, அவன் எழுந்தான். இத்தனை நாளும் குந்தியிருந்தவன் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி பக்கத்தின் ஓரம் வரை நடந்தான். ஓரத்தில் எழுத்துகள் தெளிவாக இருந்தன. அந்த எழுத்துகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் பாவாயியும் உடன் வந்தாள். அதற்கு முன் அவள் நூலகத்துக்குள் வந்ததில்லை. புலவர் தொடங்குமுன் இவளே எழுந்து, “ஏனுங்க வாத்தியாரே, அந்தக் கதை இருக்குதுங்க. நான் படிச்சேன்” என்றாள்.  புலவர் அவளை நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம் வலக்கையைப் புத்தகத்தின்மேல் வைத்து, “ஆமாங்கம்மா. நாந்தான் சரியாப் பாக்கலை. இருக்குதுங்க” என்றார். பட்டம் பெற்றவர் ஒருவர் என் முன்னால் தலை குனிந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல்முறை. என்னை அன்று அவர் “மேனேஜரே” என்று அழைக்கவில்லை. “அண்ணா” என்று அழைத்தார். நான் பெருந்தன்மையோடு அதை மேலும் வளர்க்கவில்லை.

தெய்வானை அம்மாள் அந்தப் புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டார். நூலகக் கணக்கில் எப்படிச் சரி செய்தாரோ தெரியவில்லை. இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது.

வழக்கில் வென்றவன் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இருக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும். முண்டாசு கட்டியவர்கள் இன்னும் வருகிறார்கள். செங்கல் சுவர் வருகிறது. தங்கள் அருகே அந்தப் பச்சைப் புடவை அம்மையாரும் திரும்பி வந்து அமர்ந்துவிட்டார், தாங்கள் இல்லை என்கிறீர்கள். எல்லாரும் வருகிறார்கள், அவன் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு முற்பகலும் ஏழாவது கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்கிறேன். புதிதாக ஒரு சவரக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன். வெயிலை இறக்கிப் பார்க்கிறேன். வெற்றுத்தாளாக இருக்கிறது. முகத்தை ஒருமுறையாவது காட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

இங்கே ஊசி போட்டால் அச்சு இதற்கு மேல் கெடாமல் நிற்கும் என்று பாவாயியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போடட்டும், அவளுக்குத்தானே. ஆனால் அந்த ஊசி, வருகிறவர்களையும் நிறுத்திவிடுமா என்று மருத்துவரிடம் கேட்டு வைக்க வேண்டும். தங்களுக்குத் தெரியுமா? தெரியாதா. சரி.

அதோ பாவாயி வருகிறாள். அந்தச் செவிலிப் பெண் “ராக்கியண்ணன், ராக்கியண்ணன்” என்று அழைக்கிறாள், கேட்கிறதா? அவள் பெயருக்குப் பதில் என் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போய்த் திருத்திவிட்டு வருகிறேன். தாங்கள் கதையைப் பிறருக்குச் சொல்ல நேர்ந்தால் வழக்குத் தீர்ந்த தேதியை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. புலவர் ஒப்புக்கொண்ட அந்த ஞாயிறை வழக்குத் தீர்ந்த நாளாக மற்றவர்கள் சொல்லுவார்கள், அது சரியன்று. அவன் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்து போனானே, அன்றுதான் தீர்ந்தது. சென்ற ஆவணி மாதம் பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.